கடைவாய்ப் பல் எடுக்கும்போது மரப்பு ஊசி பிடிக்காமல் போவது ஏன்? அரசு மருத்துவமனையில் நாம் என்ன கேட்கலாம்?

முக்கூடல் மகள் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 58 வயதாகிறது. முக்கூடலில் சிறு வயது முதல் பீடி சுற்றி எங்களை வளர்த்தவர். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதந்தோறும் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். இரண்டு மாதங்களுக்கு முன் கீழ்த்தாடையின் வலப்பக்கக் கடைவாய்ப் பல்லில் வலி தொடங்கியது. மூன்று இரவுகள் கண்ணை மூடாமல், கன்னத்தைக் கையால் அழுத்திக்கொண்டு திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் அரசு மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். எந்த மருத்துவமனை என்று எழுத விரும்பவில்லை. அன்று அத்தனை கூட்டத்தையும் ஒரே மருத்துவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர்மீது பழி சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை.

ஊசி போட்டு வெளியே உட்கார வைத்தார்கள். இரண்டு மூன்று நிமிடங்களிலேயே மீண்டும் கூப்பிட்டு, "உதடு தடித்தாற்போல் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். அம்மா ஆமாம் என்றார். குறடு பல்லைப் பிடித்ததும் அம்மா போட்ட சத்தம் வராந்தாவில் நின்றிருந்த எனக்குக் கேட்டது. இன்னொரு ஊசி போட்டார்கள். அப்போதும் வலித்தது. உடனிருந்த உதவியாளர், "ரெண்டு பிள்ளை பெத்தவளுக்கு இது ஒரு வலியா?" என்று சொன்னாராம். முடிவில் பல் உடைந்து, ஒரு வேர் உள்ளேயே தங்கிவிட்டது. ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார்கள். அம்மா இன்றுவரை போகவில்லை. ஒரு பக்கமாகவே மென்று, பெரும்பாலும் கஞ்சி குடித்து, வலிக்கும்போது அந்தப் பொந்தில் புகையிலையை அடக்கிக்கொண்டு நாளைக் கழிக்கிறார். அந்த வலியைவிட அந்தச் சொல்தான் அவரை அதிகமாகத் தடுக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அரசு மருத்துவமனையில் போடும் ஊசியில் வீரியம் குறைவு என்று பக்கத்து வீட்டு மதினி சொல்கிறார், அது உண்மையா? உதடு மரத்த பிறகும் பல் வலித்தது எப்படி? ரத்தக்கொதிப்பு இருப்பதால் அம்மாவுக்கு வேறு வகை ஊசி போட்டிருப்பார்களா? மறுபடி அழைத்துச் செல்லும்போது நான் மருத்துவரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்கலாம்? என் ஏழு வயது மகனுக்கும் ஒரு பால்பல்லைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆச்சி பட்ட பாட்டைக் கேட்டதிலிருந்து அவன் வாயைத் திறக்கவே மறுக்கிறான். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற அரசு பல் மருத்துவர், பாளையங்கோட்டை

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். உங்கள் அம்மா பட்ட வலி உண்மையான வலி. அவர் பலவீனமானவர் என்பதற்கோ பயந்தவர் என்பதற்கோ அது அடையாளமன்று. முதலில் இதை அவரிடம் சொல்லுங்கள். ஒரு மருத்துவர் இப்படி எழுதியிருக்கிறார் என்று வாசித்தே காட்டுங்கள்.

உங்கள் மதினி சொன்னது சரியன்று. அரசு மருத்துவமனையிலும் தனியார் மருத்துவமனைகளில் பெரும்பாலானவற்றிலும் போடப்படுவது ஒரே மருந்துதான். மரக்கச் செய்யும் 2 சதவீத லிக்னோகெயின், அதனுடன் ரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலின் மிகச் சிறிதளவு. 1943இல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரன் என்ற வேதியியலர் உருவாக்கிய மருந்து இது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் பல் சிகிச்சைக்கென்றே இந்தச் சேர்க்கை இடம்பெற்றிருக்கிறது. நம் மாநிலத்தில் 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி, ஆய்வகத்தில் சோதித்த பிறகே மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. மருந்து வந்த பிறகு அதை வைத்திருக்கும் விதத்தில் குறை நேரலாம் என்பதை மறுக்க மாட்டேன். அட்ரினலினை வெயிலும் வெளிச்சமும் சிதைக்கும். சித்திரை மாதத்து நெல்லை வெயிலில் ஜன்னலோரம் வைத்த குப்பி முழுப் பலனைத் தராது. நிறம் மாறிய மருந்தைப் போடவே கூடாது. ஆனால் உங்கள் அம்மாவின் அனுபவத்துக்கு இதைவிட நெருக்கமான காரணங்கள் இருக்கின்றன.

மேல்தாடை எலும்பு மெல்லியது, நுண்துளைகள் நிறைந்தது. பல்லுக்கு நேரே ஈறின் பக்கத்தில் மருந்தைச் செலுத்தினால் அது எலும்புக்குள் ஊறிச் சென்று வேரின் நுனியைச் சேர்ந்துவிடும். கீழ்த்தாடையில், அதுவும் கடைவாயில், எலும்பு கெட்டியானது; மருந்து அப்படி ஊறிச் செல்லாது. ஆகவே தாடையின் உட்பக்கத்தில், காதுக்குக் கீழே ஏறத்தாழ நடுவில், நரம்பு எலும்புக்குள் நுழையும் துளைக்கு அருகில் மருந்தை வைக்க வேண்டும். அந்தத் துளை கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொருவருக்கும் சற்று மேலேயோ கீழேயோ அமைந்திருக்கும். கைதேர்ந்தவர் போட்டாலும் இந்த ஊசி சில வேளைகளில் குறி தவறும். வீக்கமும் கடும் வலியும் உள்ள பல்லில் அது பிடிக்காமல் போவது இன்னும் அதிகம்.

உதடு மரத்தும் பல் மரக்கவில்லையே என்று கேட்டீர்கள். அந்த நரம்பு ஒரு தடித்த கயிறு போன்றது. உதட்டுக்குச் செல்லும் இழைகளும் பல்லுக்குச் செல்லும் இழைகளும் அதில் சேர்ந்தே ஓடுகின்றன. எல்லா இழைகளும் ஒரே நேரத்தில் அடங்குவதில்லை. உதடு சில நிமிடங்களில் தடித்தாற்போலாகும். பல்லின் உட்பகுதி அடங்குவதற்குப் பத்து, பதினைந்து நிமிடங்கள்கூட ஆகலாம். இரண்டு மூன்று நிமிடங்களில் குறடு வைத்தது அவசரம். கன்னப் பக்கத்து ஈறுக்குத் தனி நரம்பு உண்டு. அதற்குத் தனி ஊசி போட வேண்டும். நாக்குப் பக்கத்திலிருந்து வரும் இன்னொரு சிறு நரம்பும் சிலருக்குக் கடைவாய்ப் பல்லுக்குக் கிளை கொடுக்கும். இத்தனையும் சேர்ந்துதான் "உதடு மரத்துவிட்டது, பிறகென்ன?" என்ற கேள்வியைப் பிழையாக்குகின்றன.

புண்பட்ட இடத்தின் வேதியியலும் இதில் சேரும். லிக்னோகெயின் இரண்டு வடிவங்களில் கரைந்திருக்கிறது. மின்னேற்றமில்லாத வடிவம் மட்டுமே நரம்பின் உறையைக் கடந்து உள்ளே போகும். ஆரோக்கியமான தசையிலேயே அந்த வடிவம் ஏறத்தாழ கால் பங்குதான் இருக்கும். சீழ் கட்டிய இடத்தில் அமிலத்தன்மை மிகுந்திருப்பதால் அந்தக் கால் பங்கும் வெகுவாகக் குறைந்துவிடும். அதனால்தான் வீக்கத்தின்மீது நேராகப் போடும் ஊசி பலனளிப்பதில்லை. உங்கள் அம்மாவை ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னதும் இதை மனத்தில் வைத்துத்தான்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில் நானும் இரண்டு நிமிடத்தில் குறடு எடுத்தவன்தான். ஒரே நாற்காலி, வெளியே 50 ஓபி சீட்டு, பன்னிரண்டு மணிக்குள் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி. வீரவநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு நெசவாளர், பல் எடுத்து முடியும்வரை ஒரு சத்தமும் போடாமல் இருந்தார். எழுந்து நின்றபோது அவருடைய உள்ளங்கைகளில் நகம் பதிந்து ரத்தம் கசிந்திருந்ததைப் பார்த்தேன். அன்றிலிருந்து முறையை மாற்றினேன். மூன்று பேருக்கு அடுத்தடுத்து ஊசி போட்டு, செவிலியரின் கண்பார்வையில் இருக்கும் பெஞ்சில் வரிசையாக உட்கார வைப்பேன்; எடுக்க வேண்டிய பல்லைச் சீட்டில் வட்டமிட்டு அவரவர் கையிலேயே கொடுத்துவிடுவேன். மூன்றாமவருக்கு ஊசி போட்டு, இடையில் வரும் இரண்டொரு புதுச் சீட்டுகளைப் பார்த்து முடிப்பதற்குள் முதலாமவருக்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். நாற்காலிக்கு வந்ததும் கருவியின் முனையால் பல்லைச் சுற்றியுள்ள ஈறை நன்றாக அழுத்திக் கேட்பேன். அப்படிச் செய்தும் நாள் முடிவில் பார்த்த சீட்டுகளின் எண்ணிக்கை குறையவில்லை.

தலைமையாசிரியர், களக்காடு

ஐயா எழுதியதைப் படித்தபோது எனக்கு நேர்ந்தது விளங்கிற்று. சென்ற ஆண்டு அரசு மருத்துவமனையில் மேல் கடைவாய்ப் பல் எடுத்தேன், எடுத்ததே தெரியவில்லை. அதே மருத்துவர் நான்கு மாதம் கழித்துக் கீழ்ப் பல்லை எடுத்தபோது துடித்துப்போனேன். அவருக்கு என்மேல் ஏதோ கோபம் என்றுகூட அப்போது நினைத்தேன். அந்த எண்ணத்துக்காக இப்போது வருந்துகிறேன்.

ஒரு ஐயம் உண்டு. பல் எடுக்கும்போது தாடையே பெயர்ந்து வருவதுபோன்ற அழுத்தம் தெரிகிறதே, அதுவும் ஊசி பிடிக்காததன் அடையாளமா? மருத்துவரை நிறுத்தச் சொல்லலாமா, சொன்னால் கோபித்துக்கொள்வாரா என்று தெரியாமல் பலர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கிறோம்.

பணியிலுள்ள பல் மருத்துவர், வள்ளியூர் வட்டாரம்

தலைமையாசிரியர் ஐயாவின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அழுத்தமும் வலியும் வேறு வேறு. அழுத்தத்தைக் கடத்தும் நரம்பிழைகள் தடித்தவை. மருந்துக்கு அவை எளிதில் அடங்காது. தள்ளுவதும் இழுப்பதும் எலும்பில் 'மொறுக்'கென்று சத்தம் கேட்பதும் மருந்து நன்றாகப் பிடித்தவருக்கும் தெரியும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் பயப்படுவதில்லை. ஊசியால் குத்துவதுபோன்ற, மின்சாரம் பாய்வதுபோன்ற கூர்மையான உணர்வு மட்டும் தெரியவே கூடாது. எனினும் இந்த வேறுபாட்டை மருத்துவர் தம் வசதிக்குப் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது. "அது வெறும் அழுத்தம்தான்" என்று தீர்மானிக்க வேண்டியவர் நாற்காலியில் படுத்திருப்பவரே. நான் ஒவ்வொருவரிடமும், "வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், நான் உடனே நிறுத்திவிடுவேன்" என்று சொல்கிறேன். நிறுத்துவேன் என்ற உறுதி கிடைத்ததுமே பலருக்குக் கை தூக்கும் தேவை இல்லாமல் போகிறது. கேட்டால் கோபித்துக்கொள்வார்களா என்று தயங்காதீர்கள். கேட்பது உங்கள் உரிமை.

மூத்தவர் எழுதியதில் இரண்டு இடங்களில் மட்டும் மரியாதையோடு மாறுபடுகிறேன். அமிலத்தன்மை பற்றிய விளக்கம் வீக்கத்துக்குள்ளேயே போடும் ஊசிக்குப் பொருந்தும். தாடையின் பின்பக்கத்தில், சீழிலிருந்து வெகுதூரத்தில் போட்ட ஊசியும் பிடிக்கவில்லை என்றால், பல நாள் அழற்சியால் அந்த நரம்பே மிகை உணர்ச்சி அடைந்திருக்கிறது என்பதே பெரிய காரணம். சிறு தூண்டலுக்கும் அது பாய்கிறது. வலிச் செய்தியைக் கிளப்பும் நுண்ணிய சோடிய வாயில்களில், மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத வகை அதில் பெருகிவிடுகிறது. அடுத்தது, நுண்ணுயிர்க்கொல்லி (ஆன்டிபயாடிக்) மாத்திரை. பல்லின் உட்கூழ் அழன்று வலிக்கும்போது அந்த மாத்திரை வலியைக் குறைப்பதில்லை. ஊசி பிடிக்கும் என்ற உறுதியையும் அது தருவதில்லை. சீழுக்கு முதல் மருத்துவம் அதை வெளியேற்றுவதே, அதாவது பல்லை எடுப்பதோ வேரைத் திறப்பதோ. காய்ச்சலும் பரவும் வீக்கமும் இருந்தால் மாத்திரை கட்டாயம் தேவை. அவை இல்லாதபோது "ஒரு வாரம் கழித்து வா" என்று அனுப்புவது பல நேரங்களில் வலியை ஒரு வாரம் நீட்டிப்பதாகவே முடிகிறது. வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்க முடியாமல், தாடைக்கு அடியில் கழுத்து வரை வீங்கினால் மாத்திரையோடு வீட்டில் இருக்கவே கூடாது. அன்றே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டிலுள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும்; அது மூச்சுக்குழலை அடைக்கும் ஆபத்துடையது.

முதல் ஊசி பிடிக்காவிட்டால் வேறு என்ன செய்யலாம் என்பதுதான் சகோதரிக்குத் தேவையான பகுதி என்று நினைக்கிறேன். அதே ஊசியை அதே இடத்தில் திரும்பப் போடுவது மட்டும் வழியன்று. சற்று உயரத்தில், நரம்பு கிளை பிரிவதற்கு முன்னரே தடுக்கும்படி போடலாம். மெல்லிய ஊசியால், பல்லுக்கும் எலும்புக்கும் நடுவிலுள்ள நார்ப் பகுதிக்குள் மிகச் சில துளிகளை அழுத்தமாகச் செலுத்தலாம். இதற்குத் தனிக் கருவி கட்டாயமில்லை, அரை நிமிடத்தில் பலன் தெரியும். கன்னப் பக்கத்தில் ஆர்ட்டிகெயின் என்ற 4 சதவீத மருந்தைக் கூடுதலாகப் போட்டால் கீழ்க் கடைவாயிலும் எலும்புக்குள் ஓரளவு ஊறும். எல்லா அரசு மையங்களிலும் அது இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. பாக்கும் புகையிலையும் பல ஆண்டுகள் போட்டு வாய் இறுகிப்போனவர்கள் நம் பகுதியில் ஏராளம். இரண்டு விரல் அளவுகூட வாய் திறக்காத அவர்களுக்கு, பற்களை மூடியபடியே கன்னத்தின் உட்பக்கமாக ஊசியைச் செலுத்தும் முறையும் இருக்கிறது. உங்கள் அம்மா புகையிலையைப் பொந்தில் அடக்குவதாக எழுதியிருந்தீர்கள். அதை அன்போடு நிறுத்தச் சொல்லுங்கள். வலி அடங்குவதுபோல் இருந்தாலும் அந்த இடத்தின் சதையை அது தொடர்ந்து புண்ணாக்குகிறது.

ரத்தக்கொதிப்பு பற்றி. "பிபி இருக்கிறது" என்று கேட்டவுடன் அட்ரினலின் சேராத வெறும் லிக்னோகெயினைப் போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கும் அப்படிப் போட்டிருக்கலாம். அட்ரினலின்தான் ரத்தக் குழாய்களைச் சுருக்கி மருந்தை அந்த இடத்திலேயே நிறுத்திவைக்கிறது. அது இல்லாவிட்டால் பல்லின் மரப்பு ஐந்து, பத்து நிமிடங்களில் கலைந்துவிடும். இருந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நிற்கும். இதய நோயாளிக்குக்கூட ஒரு வேளைக்கு 0.04 மில்லிகிராம் அட்ரினலின் வரை பாதுகாப்பு என்பது நாங்கள் பின்பற்றும் எல்லை. 1:80,000 கலவையில் (80,000 பங்குக்கு ஒரு பங்கு அட்ரினலின்) அது ஏறத்தாழ 3 மில்லி மருந்து, 1:200,000 கலவையில் 8 மில்லி. ஒரு கீழ்ப் பல்லுக்கு வழக்கமாக 2 முதல் 2.5 மில்லிதான் தேவைப்படும். வலியில் துடிக்கும் உடம்பு தானாகச் சுரக்கும் அட்ரினலின் ஊசியில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே ரத்தக்கொதிப்புள்ளவருக்கு வலியில்லாமல் பல் எடுப்பதுதான் இதயத்துக்கும் நல்லது. 180/110க்கு மேல் இருந்தால் மட்டும் அன்று தள்ளிவைப்போம்.

மருந்தாளுநர், அம்பாசமுத்திரம்

நான் மருத்துவரல்லேன், ஆனால் பல்வலியோடு என் கடை வாசலுக்கு வருபவர்களைத் தினமும் பார்க்கிறேன். பெரும்பாலோர் மருத்துவரிடம் போவதற்கு முன் என்னிடம்தான் வருகிறார்கள். ஆகவே மாத்திரைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பல் எடுத்த பிறகு வரும் வலிக்கு ஐபுபுரூஃபன் 400 மில்லிகிராமும் பாராசிட்டமால் 500 மில்லிகிராமும் சேர்ந்தால் கிடைக்கும் நிவாரணம் வேறு வலுவான மாத்திரைகள் தருவதைவிடக் குறைந்ததன்று. இரண்டும் மலிவானவை, அரசு மருந்தகங்களிலும் கிடைப்பவை. மரப்பு கலைந்து வலி தலைதூக்கிய பிறகு தேடுவதைவிட, மரப்பு இருக்கும்போதே முதல் மாத்திரையைச் சாப்பிட்டுவிடுவது நல்லது. கடுமையாக வலிக்கும் பல்லுக்கு ஊசி போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாக ஐபுபுரூஃபன் கொடுத்தால் ஊசி பிடிக்கும் வாய்ப்புக் கூடுகிறது என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் சகோதரி, உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் இருப்பதால் அதை நீங்களாகக் கொடுக்காதீர்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து மருத்துவர் சொன்னால் மட்டும் கொடுங்கள். வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், டெங்கு என்று சந்தேகிக்கும் காய்ச்சலுள்ளவர்களுக்கும் அது ஆகாது. அவர்களுக்குப் பாராசிட்டமால் போதும்.

மூன்று பழக்கங்களை என் கடையிலேயே கெஞ்சி நிறுத்த வேண்டியிருக்கிறது. ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து ஈறில் வைக்கிறார்கள். அது மாத்திரையின் வேலையைச் செய்யாது, ஈறைச் சுட்டு வெள்ளையாக்கும். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்துக் கன்னம் முழுக்கத் தேய்க்கிறார்கள். சொத்தைக்குள் ஒரு துளி வைத்தால் அந்தத் தைலத்திலுள்ள யூஜினால் என்ற பொருள் சற்று மரக்கச் செய்யும் என்பது உண்மைதான், ஆனால் சதையில் பட்டால் அதுவும் சுடும். குழந்தைக்கு நிமெசுலைட் என்ற வலி மருந்தைக் கேட்கிறார்கள். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது நம் நாட்டில் 2011இல் தடைசெய்யப்பட்டது. வீட்டில் பழைய பாட்டில் இருந்தால் கொட்டிவிடுங்கள்.

இன்னொன்று. சர்க்கரை உள்ளவர்கள் பல் எடுக்க வரும்போது வெறும் வயிற்றோடு வந்து விடுகிறார்கள். ஆபரேஷனுக்குப் போவதுபோல் நினைத்துக்கொள்கிறார்களோ என்னவோ. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் பதினொரு மணி வரை வரிசையில் நின்றால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். ஊசியால் மயங்கினார் என்று பேராகிவிடும். காலை இட்லியைச் சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையையும் போட்டுவிட்டு வாருங்கள்.

ஓய்வுபெற்ற அரசு பல் மருத்துவர், பாளையங்கோட்டை

வள்ளியூர்த் தம்பி என்னைத் திருத்தியது சரி. நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துத் தள்ளிவைப்பது எங்கள் காலத்துப் பழக்கம். அதை இன்னமும் மனம் விடவில்லை. நரம்பு மிகை உணர்ச்சி அடையும் செய்தியை அவரே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

பேரனைப் பற்றி எவரும் எழுதவில்லை, எனவே அதை நான் எடுத்துக்கொள்கிறேன். குழந்தையின் தாடை எலும்பு மென்மையானது. கீழ்ப் பால்பல்லுக்கும் பல வேளைகளில் பக்கத்தில் போடும் சிறு ஊசியே போதும், தாடைக்குப் பின்னால் ஆழமாகப் போக வேண்டியதில்லை. ஊசி நுழையும் இடத்தைப் பஞ்சால் துடைத்து உலர்த்தி, மரக்கச் செய்யும் களிம்பைத் தடவி ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். எச்சிலில் நனைந்த ஈறில் தடவி உடனே குத்தினால் களிம்பு வைத்ததும் வைக்காததும் ஒன்றுதான். மருந்தை மெதுவாக, ஒரு மில்லிக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் செலுத்த வேண்டும். குத்துவதைவிட, வேகமாகத் தள்ளப்படும் மருந்து சதையைக் கிழித்துக்கொண்டு போவதுதான் அதிகம் வலிக்கிறது. இது பெரியவர்களுக்கும் பொருந்தும்.

அளவைப் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது. குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு 4.4 மில்லிகிராம் லிக்னோகெயின் என்பதே நாங்கள் பின்பற்றும் உச்சம். 2 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் இருக்கிறது. 20 கிலோ எடையுள்ள பையனுக்கு 88 மில்லிகிராம், அதாவது 4.4 மில்லி. ஒரு பல்லுக்கு இதில் சிறு பகுதியே தேவைப்படும். ஆனால் ஒரே நாளில் வாயின் நான்கு பக்கமும் வேலையை முடித்துவிடுங்கள் என்று பெற்றோர் வற்புறுத்தும்போது இந்தக் கணக்கு முக்கியமாகிவிடுகிறது. பையனின் எடையை அன்று பார்த்தார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. "சாப்பிடாவிட்டால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று எந்தக் குழந்தையையும் மிரட்டாதீர்கள். ஊசியைத் தண்டனையாகப் பழக்கிய குழந்தையிடம், அதே ஊசிதான் வலியை எடுக்கும் என்று நான் நாற்காலியில் எப்படி நம்பவைப்பது? "வலிக்கவே வலிக்காது" என்ற பொய்யும் வேண்டாம். "எறும்பு கடித்தாற்போல் இருக்கும், பிறகு கன்னம் தூங்கிவிடும்" என்று சொல்லுங்கள். ஆச்சி பட்டதைப் பற்றி அவன் காதுபட மீண்டும் பேசாதீர்கள். சிகிச்சை முடிந்த பின் இரண்டு மூன்று மணி நேரம் அவன் உதட்டைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மரத்த உதட்டை விளையாட்டாக மென்று, மறுநாள் வீங்கிய வாயோடு வந்த குழந்தைகள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

அம்மாவுக்கு உள்ளே தங்கிய வேரை அப்படியே விட வேண்டாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எடுத்துவிடலாம். இப்போது கடும் அழற்சி அடங்கியிருக்கும் என்பதால் ஊசி முன்பைவிட எளிதாகப் பிடிக்கும். மருத்துவரிடம் முதல் வாக்கியமாகவே, "சென்ற முறை ஊசி பிடிக்கவில்லை, உதடு மட்டும்தான் மரத்தது" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் போதும், கவனமுள்ள மருத்துவர் மற்றவற்றைத் தாமே திட்டமிடுவார்.

முக்கூடல் மகள்

பதிலெழுதிய அனைவருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

இவை அனைத்தையும் அம்மாவுக்கு இரண்டு நாள் மாலையில் வாசித்துக் காட்டினேன். பீடித் தட்டை மடியிலிருந்து இறக்காமலேயே கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் நகம் பதிந்த நெசவாளரின் செய்தி வந்தபோது மட்டும் கை நின்றது. "அப்ப அவருக்கும் வலிச்சிருக்கு" என்றார். மறுநாள் காலையில் தானாகவே சேலை மாற்றி நின்றார்.

சென்ற வாரம் வேறோர் அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். இட்லி சாப்பிட வைத்துத்தான் அழைத்துப் போனேன். மருத்துவர் இளம் பெண். சென்ற முறை நடந்ததைச் சொன்னதும் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார், 150/90 இருந்தது. இதற்கு அட்ரினலின் கலந்த மருந்தே போடலாம் என்று அவராகவே சொன்னார். ஊசி போட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, "பெரிய முள் நாலுக்கு வரட்டும் அம்மா" என்று பதினைந்து நிமிடம் உட்கார வைத்தார். வேரை அசைத்தபோது அம்மா ஒருமுறை கையைத் தூக்கினார். மருத்துவர் உடனே கருவியை எடுத்துவிட்டு, வேருக்கும் எலும்புக்கும் நடுவில் சில துளி மருந்து செலுத்தினார். அதன்பின் அம்மா கையைத் தூக்கவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் வாயில் பஞ்சோடு இருந்ததால் அம்மா பேசவில்லை. வீட்டுக்கு வந்து பஞ்சை எடுத்த பிறகு மேல் பல் ஒன்றும் பல நாளாக ஆடுகிறது என்றார். இத்தனை நாள் அதை என்னிடம் சொல்லவே இல்லை. வருகிற செவ்வாய்க்கிழமை அதற்குப் போகிறார். நான் வர வேண்டாமாம், பேரனை மட்டும் கூட அழைத்துப் போய் அந்த நாற்காலியைக் காட்டிவிட்டு வருவதாகச் சொல்கிறார்.